முறைக்காரருக்கு மேலே ஆள் இல்லை

எங்கள் அடுப்பிலிருந்து தீ பாய்ந்து மாப்பிள்ளையின் வலது கையைச் சுட்ட நாளிலிருந்து, தெருவில் எல்லோரும் என்னிடம் தணிந்த குரலில் பேசுகிறார்கள். இழவு வீட்டுக்காரியிடம் பேசுகிற குரல். எங்கள் ரொட்டிக்கூடத்தில் யாரும் சாகவில்லை என்று ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொல்ல முடியுமா? நிமிர்ந்து நடந்தேன்.

அன்று பிற்பகல் கூடத்தின் பொதுக்கூட்டம். அதற்கு முன் மாப்பிள்ளையைப் பார்த்துவிட வேண்டும் என்று காலையிலேயே மருத்துவமனைக்குக் கிளம்பினேன். பேருந்தில் ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். வேண்டாம் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். என் முதுகு இன்னும் யார் தயவையும் கேட்கவில்லை.

புதிதாக வாசிப்பவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கூடத்துக்கு முதலாளி கிடையாது. ஒரு காலத்தில் இருந்தார். மாவு பிசையும் இயந்திரத்தில் கை போன ஒருவரை வாசலில் இறக்கிவிட்டுக் கதவைச் சாத்தினார். மறுபடி அந்தக் கதவைத் திறந்து உள்ளே போனவர்களில் முதல் ஆள் என் அப்பா. கூடம் எல்லோருக்கும் சொந்தம், பங்கு எல்லோருக்கும் ஒன்றே, வேலை முறை வைத்து மாறும் என்று வகுத்தவரும் அவர்தான். இந்த வாரம் அடுப்பில் நிற்பவர் அடுத்த வாரம் மூட்டை தூக்குவார். கூடத்து நிலைப்படியைத் தாண்டிவிட்டால் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லாம் வெளியே. உள்ளே எல்லோரும் தோழர். கூடப்பிறந்த தம்பியையே அங்கே நான் தோழர் என்றுதான் கூப்பிடுவேன்.

சுவரில் அப்பா எழுதிவைத்த வரி ஒன்று உண்டு. முறைக்காரருக்கு மேலே ஆள் இல்லை. அடுப்பில் யாருடைய முறையோ, அவர் வைத்ததுதான் சட்டம். பக்கத்தில் நின்று அதிகாரம் செய்ய எவருக்கும் உரிமை இல்லை.

என் தம்பி அதை மீறினான். மாப்பிள்ளை அவனுடைய மகளின் கணவர். வங்கி வேலையை உதறிவிட்டு, கொள்கைக்காக எங்களோடு வந்து சேர்ந்தவர். அவர் முதல்முறை அடுப்பில் நின்றபோது, ரொட்டி தள்ளும் துடுப்பைத் தம்பி அவர் கையிலிருந்து பிடுங்கி, "இப்படிப் பிடிக்கணும்" என்று எல்லோர் முன்னாலும் காட்டினான். கூட்டம் அவனைக் கண்டித்தது. தலைமையில் நான்தான் இருந்தேன். கூடத்தைத் தொடங்கியவரின் மகனுக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயம் என்று எங்கள் குடும்பத்தை எவரும் சொல்லிவிடக் கூடாது. தம்பி எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டான்.

மாப்பிள்ளையின் அடுத்த முறையில்தான் தீ பாய்ந்தது.

*

மாப்பிள்ளை தலையணையில் சாய்ந்திருந்தார். முழங்கை வரை கட்டு. என்னைக் கண்டதும் அசைந்தார்.

"எழுந்திருக்காதீங்க மாப்பிள்ளை."

"எழுந்திருக்கல பெரியத்தை. முதுகு அரிக்குது, நெளியறேன்."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"ரெண்டு விரல் மடங்காதாம். மத்ததெல்லாம் மடங்கும்னு நம்பச் சொல்றார். நம்பறதுதான் நமக்குப் பழக்கமாச்சே."

"உங்க பங்கு நிக்காது. கை சரியானாலும் ஆகாட்டியும், கடைசிவரைக்கும் வரும்."

"தெரியும். வங்கியில இருந்திருந்தா முதல்ல பூங்கொத்து வரும், அப்புறம் என் நாற்காலிக்கு வேற ஆள் வரும்."

அதைக் கேட்கத்தான் நான் பேருந்தில் நின்றுகொண்டு வந்திருக்க வேண்டும். பார்த்தீர்களா, எங்கள் அப்பா வகுத்தது வேலை செய்கிறது என்று அந்த வார்டு முழுக்கச் சொல்லலாம் போலிருந்தது.

"வங்கியில இருந்திருந்தா கை வெந்தே இருக்காது" என்றாள் கட்டிலோரம் உட்கார்ந்திருந்த தம்பி மகள்.

அவள் கூடத்தில் கடைமுகப்பில் நின்று ரொட்டி விற்பவள். அதிகம் பேசமாட்டாள். எழுந்து என்னை வெளியே வரச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். நடையில் சக்கர நாற்காலிகள் மடக்கி வைத்திருந்த மூலையில் நின்றோம்.

"அத்தை, ஒண்ணு சொல்றேன். அப்புறம் ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேட்கக் கூடாது. அன்னைக்கு அப்பா அடுப்பைத் தாண்டித்தான் போனார். நான் முகப்புல இருந்து பார்த்தேன். நின்னார். சங்கிலியைப் பார்த்தார். போயிட்டார்."

சங்கிலி என்றால் புகைபோக்கியின் இரும்புத் தட்டைத் தூக்குகிற சங்கிலி. அதன் வளையம் கீழ் ஆணியில் இருந்தால் புகைவழி திறந்திருக்கிறது. மேல் ஆணியில் இருந்தால் மூடியிருக்கிறது. விறகு முழுவதும் தணலான பிறகுதான் மூட வேண்டும். ஒரு கட்டை பாக்கியிருந்தாலும் தீ உள்ளேயே மூச்சுமுட்டிக் கிடக்கும்; அடுப்பு வாயைத் திறந்ததும் காற்றைத் தேடி வெளியே பாயும். மாப்பிள்ளை அவசரப்பட்டு மூடியிருந்தார்.

"உங்க அப்பா எதையோ பார்த்திருப்பான். சங்கிலியைத்தான் பார்த்தான்னு எப்படிச் சொல்றே?"

"பார்த்துட்டு அவர் முகம் மாறிச்சு. எங்க அப்பா முகம் எனக்குத் தெரியாதா? இன்னைக்குக் கூட்டத்துல கேட்கப் போறேன்."

"வீட்டுல கேளு."

"கேட்டேன். தட்டுலயே கையைக் கழுவிட்டு எழுந்து போயிட்டார்."

"பெத்த அப்பனை ஊர் முன்னாடி நிறுத்தணுமா? நாளைக்கு எதிர்க்கடைக்காரன் இதைச் சொல்லியே ரொட்டி விப்பான். பொதுவுடைமை ஏட்டுல நடக்கும், நாட்டுல நடக்காதுன்னு இப்பவே வாசல்ல நின்னு சொல்லிக்கிட்டிருக்கான்."

அவள் ஒரு சக்கர நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"மத்த நாடுகள்ல எல்லார் பேரையும் சொல்லிக்கிட்டு ஒருத்தன் நாற்காலியில ஏறி உட்கார்ந்துட்டான். தாத்தா விவரமானவர், இங்க நாற்காலியையே உடைச்சிட்டார். நாற்காலி போனது நல்லதுதான் அத்தை. ஆனா அதோட சேர்த்து வாயும் போயிடுச்சு. தீ வருது, நகருன்னு சொல்லக்கூட ஒருத்தருக்கும் உரிமை இல்லாம போச்சு."

அப்பாவை இந்தக் குடும்பத்தில் யாரும் இப்படி எடைபோட்டதில்லை. திரும்பி நடந்தேன். என் செருப்புச் சத்தம் எனக்கே அதிகமாகக் கேட்டது.

*

எங்கள் வீடு கூடத்துக்குப் பின்னால் இருக்கிறது. தெருவுக்குப் போக வேண்டுமானால் கூடத்தின் வழியாக, அடுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். தம்பி உள்ளறையில் தன் வெள்ளை மேலங்கியை மடித்துக்கொண்டிருந்தான். ஓரங்களைச் சரிசெய்து, விரித்து, மறுபடி மடித்தான்.

"சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணுமாம் அண்ணி" என்றாள் அவன் மனைவி, நான் கேட்காமலே. "எதிர்க்கடையில தலைமை அடுப்புக்காரர் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. இவர் சொன்னா கேட்க அங்க ஆள் இருக்கு."

"அங்க முதலாளியும் இருக்கான்."

"இருக்கான். தப்பு செஞ்சா திட்டுவான். இங்க திட்டறதுக்குக்கூட ஆளில்ல, கூட்டம் போட்டுத்தான் திட்டறீங்க."

தம்பி லேசாகச் சிரித்தான். அவன் சிரித்து நாளாகிவிட்டது.

"அப்பா உயிரைக் கொடுத்த அடுப்புடா" என்றேன்.

"எனக்கும் அவர்தானே அப்பா?"

அவன் மனைவி அடுக்களைக்குப் போகும்வரை காத்திருந்தேன். பிறகு கதவைச் சாத்தினேன்.

"உன் பொண்ணு இன்னைக்கு உன்னை ஒரு கேள்வி கேட்பா."

"தெரியும்."

"பார்க்கலைன்னு சொல்லிடு."

மடித்த மேலங்கியின் மேல் கையை வைத்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"பொய் சொல்லச் சொல்றீங்களா அக்கா?"

"குடும்பத்தைக் காப்பாத்தச் சொல்றேன். அப்பா பேரைக் காப்பாத்தச் சொல்றேன். மருமகன் கை வேகறதைப் பார்த்துட்டுப் போனான்னு ஒரு பேச்சு கிளம்பினா, அது உன்னோட நிக்காது. கூடத்து மேல நிக்கும்."

"அப்ப நான் பார்த்தேன்னு நீங்களும் முடிவு பண்ணிட்டீங்க."

அவன் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தராசில் வைத்த கல்லைப் போல அவன் அமைதியாக இருந்தான்.

*

கூட்டம் எப்போதும்போல மாவு மேசையைச் சுற்றித்தான். ஜன்னல் கண்ணாடியில் படிந்த மாவு வழியாக வெயில் பால்போல இறங்கியிருந்தது. அடுப்பு ஆறிக் கிடந்தது. அதன் பக்கத்தில் முறைப்பலகை. ஒவ்வொருவருக்கும் ஒரு மரவில்லை. யார் முறையோ அவர் வில்லை கொக்கியில் தொங்கும். அன்று கொக்கி காலியாக இருந்தது. தீ பாய்ந்ததிலிருந்து மூட்டைகளும் மனிதர்களும் சும்மா இருக்கிறார்கள். எங்கள் ரொட்டியை நம்பியவர்கள் எதிர்க்கடைக்குப் போகிறார்கள்.

முறை மாறினாலும், யார் எதில் கைதேர்ந்தவரோ அந்த வேலையின் பெயராலேயே அவரைக் கூப்பிடுவோம். மாவு பிசையும் இயந்திரத்தில் கைதேர்ந்த மிக்ஸர் தோழர் தீர்மானத்தை வாசித்தார். அடுப்புக்கு நிரந்தரமாக ஒரு தலைமைத் தோழர் வேண்டும், அவர் சொன்னால் முறைக்காரர் கேட்க வேண்டும், அந்தப் பொறுப்பை என் தம்பியிடம் கொடுக்க வேண்டும்.

"பங்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"பங்கு அதே பங்குதான். வாய் மட்டும்தான் கூடுதல்."

மூட்டைத் தோழர் தாமதமாக வந்து கதவோரம் உட்கார்ந்தார். அவருக்கு அது வழக்கம்.

"வாங்க தோழர்" என்றார் மிக்ஸர் தோழர். "முறையும் இல்லாத நாள்ல வந்தீங்களே, அதுவே பெருசு. நீங்க தூங்கற தூக்கத்துக்கும் நாங்க பிசையற மாவுக்கும் ஒரே பங்கு. அதையும் இன்னைக்குப் பேசிடலாமா?"

சிலர் சிரித்தார்கள். மூட்டைத் தோழர் சிரிக்கவில்லை.

"பேசுங்க. என் வீட்டுக்காரி படுத்த படுக்கையா இருந்தப்ப நான் வரவே இல்ல. அப்பவும் இந்தக் கூடம் என் பங்கை வீட்டுக்கு அனுப்பிச்சு. கொண்டுவந்து கொடுத்தது நீங்கதான் தோழர். அதை மறந்துட்டுப் பேசுங்க."

மிக்ஸர் தோழர் கையிலிருந்த தாளை மடித்தார்.

"தாமதமா வர்றேன், தப்புதான்" என்று மூட்டைத் தோழர் தொடர்ந்தார். "ஆனா இந்தத் தீர்மானத்துக்கு நான் கை தூக்கமாட்டேன். இன்னைக்கு அடுப்புக்கு ஒரு தலை. நாளைக்கு மாவுக்கு ஒரு தலை. அப்புறம் எல்லாத் தலைக்கும் மேல ஒரு பெரிய தலை. கடைசியில வெறும் முதுகா நான் ஒருத்தன் மிஞ்சுவேன், மூட்டை தூக்க."

அவர் சொன்னது உண்மை. மிக்ஸர் தோழர் சொன்னதும் உண்மை. இரண்டு தட்டும் இறங்கினால் தராசுக்காரி என்ன செய்வாள்? இந்தக் கூடத்தில் நான் நிறுக்கும் வேலைதான் பார்க்கிறேன்; மாவுருண்டையைக் கையில் எடுத்தாலே எடை தெரியும். அன்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

தம்பி மகள் எழுந்தாள்.

"கூட்டத்தை நடத்தற தோழர் அனுமதிச்சா, அடுப்புத் தோழரை ஒரு கேள்வி கேட்கணும்."

கூடத்துக்குள் அவளுக்கு நான் அத்தை இல்லை. என் தம்பி அவளுக்கு அப்பா இல்லை. கேட்கக் கூடாது என்று சொல்ல எனக்கு அதிகாரம் இருந்தது. விபத்து விசாரணை வேறு நாளில் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதை மனதுக்குள் தயாராக வைத்திருந்தேன். தம்பி என்னைப் பார்த்தான். தடுக்காதீர்கள் என்று அந்தப் பார்வை கேட்டுக்கொண்டது.

"கேளுங்க தோழர்" என்றேன்.

"அன்னைக்கு விறகு எரிஞ்சு முடியறதுக்கு முன்னாடியே சங்கிலி மேல் ஆணியில இருந்துச்சு. நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"ஏன் சொல்லல?"

தம்பி சுவரைக் காட்டுவான் என்று நினைத்தேன். காட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். சட்டத்தின் மேல் எல்லோரும் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்.

"முறை என்னுது இல்லைன்னு சொல்லிக்கிட்டேன்" என்றான். "அது பாதிதான். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேனான்னு பார்த்தார். போன தடவை இதே மேசைக்கு முன்னாடி எழுந்து நின்னு மன்னிப்புக் கேட்டேனே, அது தொண்டையில நின்னுச்சு. சட்டந்தானே உங்களுக்கு வேணும், சட்டப்படியே நடக்கட்டும்னு நேரா பார்த்துக்கிட்டுப் போயிட்டேன். ரொட்டி கருகும்னு நெனச்சேன். ஒரு தட்டு ரொட்டி கருகட்டும், புத்தி வரட்டும்னு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம்கூட இருந்துச்சு. கை வேகும்னு நெனைக்கல."

தம்பி மகள் உட்கார்ந்துவிட்டாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தும், பக்கத்திலிருந்தவர்கள் அவளைத் தொடவில்லை.

"கொள்கை சரியாத்தான் இருக்கு" என்று மிக்ஸர் தோழர் மெதுவாக ஆரம்பித்தார். "ஆளுங்கதான்..."

"ஆளுங்களை விட்டுட்டுக் கொள்கை எதுக்கு தோழர்?" என்றார் மூட்டைத் தோழர். "செவுத்துக்கா?"

வாக்கெடுப்புக்கு விடச் சொன்னார்கள். தம்பி கை காட்டித் தடுத்தான்.

"பார்த்துட்டுப் போனவனை அடுப்புக்குத் தலைவனாக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் போனான்.

தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தேன். வேறு எதையும் நிறுத்துப் பார்க்கிற நிலையில் நான் இல்லை. ஆனால் ஒன்றைக் கேட்டேன்.

"நாளைக்கு இந்தத் தெருவுக்கு ரொட்டி உண்டா இல்லையா? அடுப்பு யார் முறை?"

எல்லோரும் மேசையில் படிந்திருந்த மாவைப் பார்த்தார்கள். பயம். குறை சொல்ல மாட்டேன். எதிரே கட்டுப்போட்ட கை இல்லாவிட்டாலும் எல்லோர் கண்ணிலும் அது இருந்தது.

வயதானவர்களுக்கு அடுப்பு முறை இல்லை என்று முன்பு கூட்டம் முடிவு செய்தபோது, என் வில்லையை எடுக்க நான் விடவில்லை. அது கடைசி ஆணியில் தூசியோடு தொங்கியது. போய் எடுத்தேன். புடவைத் தலைப்பால் துடைத்துக் கொக்கியில் மாட்டினேன்.

"தோழர், உங்களுக்கு முடியுமா?" என்றார் மிக்ஸர் தோழர்.

"முறைக்காரருக்கு மேலே ஆள் இல்லை" என்றேன். அவர் விறகு எடுக்கப் போனார்.

*

வெயில் சாய்ந்து கூடம் செம்மையாகிக்கொண்டிருந்தபோது விறகு தணலாகியிருந்தது. ஆகியிருந்தது என்று நினைத்தேன். எனக்கு மாவின் எடை தெரியும், தீயின் எடை மறந்து பல வருடமாயிற்று. சங்கிலி வளையத்தைக் கீழ் ஆணியிலிருந்து கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்னால் எல்லாம் சிவப்பு. பின்னால், மூலைகளில், இருட்டா கட்டையா என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. சீக்கிரம் மூடினால் தீ பாயும். தாமதித்தால் சூடு போகும், ரொட்டி வேகாது. மிக்ஸர் தோழரும் மற்றவர்களும் தள்ளி நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஒழுக்கம் அப்படி.

அப்போது வீட்டுக் கதவு திறந்தது. தம்பி வந்தான். கையில் பை. மடித்த மேலங்கி அதன் வாயில் தெரிந்தது. தெருவுக்குப் போக அவனுக்கு வேறு வழி இல்லை. கண்ணை நேராக வைத்துக்கொண்டு நடந்து வந்தான்.

எனக்குப் பக்கத்தில் வந்தபோது அவன் நடை ஒரு கணம் தடுமாறியது. என் கையிலிருந்த வளையத்தைப் பார்த்துவிட்டான். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சுவரில் அப்பாவின் எழுத்து இருந்தது. மேலே நின்று சொல்லக் கூடாது என்றுதான் அவர் எழுதினார். கேட்கக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. நாங்கள்தான் கேட்பதில்லை. கேட்டால் தெரியாதவர் என்று ஆகிவிடும். தெரியாதவர் என்றால் தெரிந்தவருக்கு ஒரு படி கீழே. சமமானவர்களாக இருக்கிறோம் என்ற பெருமையில், இந்தக் கூடத்தில் ஒருவரும் ஒருவரிடமும் எதையும் கேட்டதே இல்லை. மாப்பிள்ளை கேட்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

தோழர் என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன்.

"தம்பி" என்றேன்.

நிலைப்படிக்கு உள்ளே நான் அந்தச் சொல்லைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. மிக்ஸர் தோழர் தலையைக் குனிந்துகொண்டார். தம்பி நின்றான், திரும்பவில்லை.

"எனக்குத் தெரியல. மூடலாமா?"

தணல் ஒன்று உள்ளே வெடித்து அடங்கியது. அவன் திரும்பி வந்தான். பையைக் கீழே வைக்காமலே குனிந்து அடுப்பின் வாய்க்குள் பார்த்தான். தீயின் வெளிச்சத்தில் அவன் முகம் நனைந்திருந்தது.

"இன்னும் இல்லக்கா. எடது மூலையில பாருங்க, கறுப்பா ஒரு கட்டை. அது செவக்கணும்."

பார்த்தேன். அவன் காட்டிய பிறகு தெரிந்தது.

வளையத்தைக் கீழ் ஆணியில் திரும்ப மாட்டினேன். திறந்திருந்த வாசல் வழியே, எதிர்க்கடையில் விளக்குப் போடுவது தெரிந்தது. எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கள் வாசலைப் பார்த்து நின்றார்.

தம்பியும் அவரைப் பார்த்தான். பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான். அந்தக் கட்டை சிவக்க இன்னும் நேரம் இருந்தது.